டிக்கெட் கொடுத்தவர் உங்களுக்கு என்ன உறவு?

விமான நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. 'பத்தொன்பது' என்றால் போதும். வரிசையின் கடைசியில், தூணுக்குப் பின்னால், எடை மெஷின் வாரம் ஒருமுறை மக்கர் பண்ணும் பத்தொன்பதாம் கவுண்டர் பன்னிரண்டு வருஷமாக அவளுடையது. மற்ற கவுண்டர்களில் ஜன்னல் பக்கமா, நடைபாதை பக்கமா என்று கேட்பார்கள். அவளிடம் போய் நின்றால் கேள்வி வேறு. "இந்த டிக்கெட் யார் குடுத்தாங்க? அவர் உங்களுக்கு என்ன உறவு?"

சம்பந்தம் பேச வந்தவள் மாதிரி கேட்கிறாளே என்று பலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் அவள் கேட்பதற்குக் காரணம் உண்டு. அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி மைல் கணக்கில் புள்ளி கொடுக்கிறது. போதுமான அளவு சேர்ந்தால் இலவசமாக ஒரு டிக்கெட் எடுக்கலாம். தனக்கு எடுத்துக்கொள்ளலாம், மச்சானுக்கு எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட எடுத்துக் கொடுக்கலாம்; கம்பெனி வாயைத் திறக்காது. ஆனால் அதற்குக் காசு வாங்கினால் போச்சு. டிக்கெட் ரத்து, சேர்த்த மைல் மொத்தமும் காலி, உறுப்பினர் அட்டையும் காலி. சும்மா கொடுத்தால் அன்பளிப்பு, விற்றால் குற்றம். உறுப்பினருக்கும் பயணிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். அப்படிப் புள்ளி வாங்கியவர்களெல்லாம் தூணைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வருவார்கள்.

கம்பெனி அவளுக்கு இரண்டு பக்கக் கேள்வித்தாள் கொடுத்திருந்தது. அதை அவள் மேஜை ஆடாமல் இருக்க மடித்துக் காலுக்கடியில் வைத்திருந்தாள். அவளுக்கு ஒரே கேள்வி போதும். புரோக்கரிடம் வாங்கியவர் "என் மாமா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். உண்மையான உறவுக்காரர் அப்படி நிறுத்தவே மாட்டார். "மாமாதான் குடுத்தார். குடுத்துட்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார் மேடம். போன வருஷம் எங்க வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார்" என்று குடும்பத்துக் குப்பையெல்லாம் கவுண்டரில் கொட்டுவார். புகார் வந்துவிட்டால் உறவு உண்மை. அவள் சிரித்துக்கொண்டே போர்டிங் பாஸை நீட்டுவாள். பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் கணக்கு ஏழெட்டு முறைக்கு மேல் தப்பியதில்லை.

ஆரம்பத்தில் அவளுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. யாராவது மாட்டினால் உள்ளுக்குள் ஒரு குஷி. அந்தக் குஷியை ஒரேயடியாகப் போக்கியவர் ஒரு சமையல்காரர். ஹோட்டல் சீருடையைக்கூட மாற்றாமல், வெங்காய வாசனையோடு ஓடி வந்திருந்தார். வேறு ஊரில் இருக்கும் அவருடைய மனைவிக்கு மறுநாள் காலை ஆபரேஷன். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ ஒரு புரோக்கரிடம் டிக்கெட் வாங்கியிருக்கிறார். மைல்களை விற்ற உறுப்பினர் முந்தின நாளே மாட்டிக்கொண்டதால் டிக்கெட் செத்துப்போயிருந்தது. அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

"காசு குடுத்துத்தானேம்மா வாங்கினேன்?" என்றார் அவர்.

அதுதான் குற்றம் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? அடுத்த விமானத்தில் இடம் இருந்தது, விலை நாலு மடங்கு. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வழி கேட்டார். பஸ்ஸில் அந்த ஊருக்குப் பதினெட்டு மணி நேரம். அவர் மனைவி என்ன ஆனாள் என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. விற்றவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்க, அந்த மனுஷனைத் தடுத்து நிறுத்தியது தன் கை என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அன்று முதல் பயணிகளிடம் பேச்சில் மென்மை வந்தது. புரோக்கர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் கல்லாகிவிடும்.

அவளுக்குத் தம்பி ஒருவன் உண்டு. வீட்டில் சின்னவன். அப்பா முதலிலேயே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்கு இருபத்தொன்று, அவனுக்குப் பத்து. இதே விமானக் கம்பெனியில் பெட்டிகளில் துண்டுச்சீட்டு ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு ஷிஃப்ட் பார்த்து அவனைப் படிக்க வைத்தாள். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. பேச்சு நன்றாக ஏறியது. பல் டாக்டர் அறைக்குப் போனாலும் அங்கே நாலு பேரைச் சிநேகம் பிடித்துக்கொண்டு வருவான். அந்த வாயை நம்பித்தான் அவன் டிராவல்ஸ் கடை வைக்க அவள் வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். போட்டோ காப்பி கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை, இரண்டு நாற்காலி, சுவரில் உலக வரைபடம். முதல் நாள் அவள்தான் ரிப்பன் வெட்டினாள். கத்தரிக்கோல் மொண்ணை, மூன்று தடவை வெட்ட வேண்டியிருந்தது.

விடுமுறை நாட்களில் சின்னவன் அவள் வீட்டில் சாப்பிடுவான். அப்படி ஒரு மத்தியானம், கணவரும் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்க, தன் ஒற்றைக் கேள்வியின் சூட்சுமத்தை அவள் பெருமையாக எடுத்துவிட்டாள். "பொய் சொல்றவன் உறவை மட்டும் சொல்வான். நிஜ சொந்தக்காரன் திட்டுவான். திட்டினா விட்டுடுவேன்" என்றாள். கணவர் தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். சின்னவன் அதைவிட அதிகமாகச் சிரித்தான். "அக்கா, நீ போலீஸ்ல இருக்க வேண்டியவ" என்று வேறு ஏற்றிவிட்டான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொழில் ரகசியத்தைச் சோற்றோடு பரிமாறுகிறோம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கள்கிழமை காலை, சிவப்புப் புள்ளியோடு ஒரு நர்ஸ் வந்தாள். முதல் வேலையில் சேரப் போகிறாள். சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்வியை இவள் கேட்டாள்.

"என் சித்தப்பா குடுத்தார் மேடம். அவர் மகா கஞ்சன்" என்று ஆரம்பித்தாள் நர்ஸ். "என் அக்கா கல்யாணத்துக்கு ஒரு சீலிங் ஃபேன் குடுத்தார். ஆறு மாசம் கழிச்சு ஏணியோட வந்து, எங்க வீட்டு ஃபேன் ரிப்பேர்னு சொல்லி, அதைக் கழட்டிட்டுப் போயிட்டார். கொக்கி மட்டும்தான் மேடம் மிச்சம்."

கவுண்டரில் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏணியோடு வந்த அந்தச் சித்தப்பா அவளுடைய சித்தப்பா. அந்த ஃபேன் அவள் கல்யாணத்துக்கு வந்த ஃபேன். கொக்கி இன்னமும் அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. குடும்பத்துக்கு வெளியே இந்தக் கதை தெரிந்தவர் யாரும் இல்லை.

நர்ஸின் நெற்றியில் வியர்வை. ஒப்பித்து முடித்த நிம்மதி முகத்தில். அந்தப் பெண்ணைத் தடுத்திருக்க வேண்டும். தடுத்தால் கம்பெனிக்கு அறிக்கை எழுத வேண்டும், எழுதினால் யாரிடம் வாங்கினாய் என்று கேட்க வேண்டும், கேட்டால் வரப்போகும் பதில் அவளுக்கு முன்பே தெரியும். கை தானாகப் போர்டிங் பாஸை எடுத்து நீட்டியது. ஒரு மணி நேரத்தில் டைல்ஸ் பதிக்கும் ஒரு மேஸ்திரி வந்தார். அவருக்கும் ஒரு சித்தப்பா, ஓர் ஏணி. அவர் மட்டும் ஞாபகப் பிசகாக ஃபேனை ஏ.சி. ஆக்கியிருந்தார். அவரையும் அனுப்பிவிட்டாள். பார்ப்பவர்களுக்கு இரக்கம் மாதிரி தெரிந்திருக்கும். அது வெறும் பயம் என்று அவளுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்து சீருடையைக் கழற்றும்போது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நேராகக் கடைக்குப் போனாள். சின்னவன் அவள் முகத்தைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்தான்.

"சித்தப்பாவை எத்தனை பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கே?" என்றாள்.

மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. அக்காவிடம் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கம் உண்டு, ஜெயித்துப் பழக்கமில்லை. வாடிக்கையாளர்களாக வரும் சில விற்பனைப் பிரதிநிதிகளிடம் மைல்களை வாங்குகிறான். அதில் வேறு ஆட்கள் பெயரில் டிக்கெட் எடுத்து, பாதி விலைக்கு விற்கிறான். ஏழு மாதமாக நடக்கிறது. "ஒரு கதை சொல்லிக் குடுக்கணும்னா ஞாபகத்துல இருக்கறதுதானே வரும்" என்று அசடு வழிந்தான்.

"பொய் சொல்லக்கூட உழைக்க மாட்டியா நீ?" என்று அவள் கத்தியபோது கோபத்துக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்தது.

"அக்கா, உட்காரு. நியாயமாப் பேசலாம். கார்டுக்காரங்களுக்கு இனாமாக் குடுக்கறதுக்குன்னு உங்க கம்பெனி பேங்குக்கு மூட்டை மூட்டையா மைல் விக்குதா இல்லையா?"

"விக்குது."

"அது வியாபாரம். ஒரு மனுஷன் முதுகு ஒடியப் பறந்து, பொண்டாட்டி புள்ளையை விட்டுட்டுச் சேர்த்ததை என்கிட்ட வித்தா அது மட்டும் திருட்டா? காலியாப் போற சீட்டுல ஒரு ஏழை உட்கார்ந்து போறான். யாருக்கு நஷ்டம்?"

உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு வருஷமாக அவளும் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மைல்கள் உறுப்பினருடைய சொத்து அல்ல என்று விதிப்புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சம்பாதித்தவனுக்குச் சொந்தமில்லாத சம்பாத்தியம் என்ன சம்பாத்தியம் என்று அவளுக்கும் புரிந்ததில்லை. ஆனால் விதிப்புத்தகம் எழுதியவருக்காக அவள் அங்கே வரவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். உன்கிட்ட வாங்கினாங்களே, அவங்ககிட்ட சொன்னியா? இது மைல் டிக்கெட், மாட்டினா ரத்தாகும், ஏர்போர்ட்ல நிக்கும்போதுதான் தெரியும்னு சொன்னியா?"

சின்னவன் உலக வரைபடத்தைப் பார்த்தான். "சொன்னா யாருக்கா வாங்குவாங்க?"

"அப்ப மைல் வித்தவனுக்குக் காசு, உனக்குக் காசு, ஆபத்து மட்டும் அந்த நர்ஸ் பொண்ணு தலையில. இதுக்குப் பேர் நியாயமா?"

"உன் கவுண்டருக்குத்தானே வராங்கன்னு நினைச்சேன்" என்றான் மெல்ல. "நீ பார்த்துக்குவேன்னு."

அந்த வார்த்தைதான் அவளைக் குத்திவிட்டது. அவன் ஆபத்தை யார் தலையிலோ கட்டவில்லை, அவள் தலையில் கட்டியிருக்கிறான்; அவள் வளர்த்த நம்பிக்கையில் கட்டியிருக்கிறான். இனி எத்தனை பேர் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது என்று கேட்டாள். முப்பத்தொரு பேர், வரும் வெள்ளியிலிருந்து. அவள் படியிறங்கிப் போனாள். "அக்கா, எழுதிடாதே" என்று மேலே இருந்து அவன் கூப்பிட்டது போட்டோ காப்பி கடைக்காரருக்கும் கேட்டது.

எழுதுவதா வேண்டாமா என்று அவளுக்குக் குழப்பம் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதத்தான் போகிறாள், அதில் மாற்றமில்லை. அவளைப் பிடித்து ஆட்டியது வேறு. எழுதிக் கொடுத்த உடனே கம்பெனி மைல் விற்ற அந்த உறுப்பினர்களின் கணக்கைப் பூட்டும். முப்பத்தொரு டிக்கெட்டும் அந்த நிமிஷமே சாகும். பயணிகளுக்குத் தகவல் போகாது. டிக்கெட்டில் இருக்கும் போன் நம்பர் எல்லாம் சின்னவனுடையது. முப்பத்தொரு சமையல்காரர்கள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். எழுதாமல் விட்டால் தம்பி பிழைப்பான். எழுதினால் தம்பியும் போவான், அவர்களும் நடுத்தெருவில் நிற்பார்கள். தம்பியை இழக்க அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். அந்த முப்பத்தொரு பேரை நிற்க வைக்க மாட்டேன் என்றும் அதே மூச்சில் முடிவு செய்தாள்.

அன்று சாயங்காலமே ஒரு பக்கத்தில் எழுதி முடித்தாள். கணவர் வாசித்துவிட்டு, "உன் தப்பையும் எழுதணுமா?" என்று கேட்டார். "பின்னே, அவன் தப்பை மட்டும் எழுதறதுக்கு நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?" என்றாள். அவர் பேனா மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

செவ்வாய் காலை மேலாளர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நல்ல மனுஷர். சிக்கல் என்று வந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். அன்று துடைத்துத் தீரவில்லை.

"தம்பின்னு எதுக்கு எழுதணும்? பேர் தெரியாத புரோக்கர்னு போடுங்க. நீங்க ரெண்டு பேரை விட்டதையும் எடுத்துடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார்."

"கவுண்டர்ல இருந்து தூக்கிடுவாங்க. வேலையே போனாலும் போகும்."

"தெரியும் சார். எனக்கு ஒரே ஒரு உதவி வேணும். கணக்கைப் பூட்டறதை வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைங்க. அதுக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும்."

"விதியில அப்படி இடமே இல்லையே."

"பயணிகளுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாதுன்னு விதியில இருக்கா? இருந்தா எழுதிக் குடுங்க சார், நான் போயிடறேன்."

மேலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவள் நின்றாள். அவர் தேநீர் வரவழைத்தார். அவள் குடிக்கவில்லை, நின்றாள். பதினோரு மணிக்கு அவருக்கு மீட்டிங். கதவுக்கும் அவருக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் கடிதத்தின் ஓரத்தில் 'வியாழன் பகல் 12' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நம்பருக்கு எங்க போவீங்க?" என்று அவர் கேட்டபோது, அவள் ஏற்கெனவே பாதிப் படி இறங்கியிருந்தாள்.

கடையில் சின்னவன் தனியாக உட்கார்ந்திருந்தான். முகச்சவரம் செய்யவில்லை. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"வாங்கினவங்க பேரும் போன் நம்பரும் எழுதி வச்சிருப்பியே, அதைக் குடு."

"அதுதான் என் கழுத்துக்குக் கயிறு. அதை நானே திரிச்சு உன் கையில குடுக்கணுமா?"

"ஆமா."

"கொஞ்சம்கூட ஈவு இரக்கமே இல்லையா உனக்கு? நான் யாரு உனக்கு?" அவன் குரல் உடைந்தது. "அம்மா இருந்திருந்தா இப்படிச் செய்வாளா?"

அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து மேஜையில் அவன் பக்கமாகத் தள்ளினாள்.

அவன் படித்தான். தன் பெயரைத்தான் முதலில் தேடினான். அது பின்னால் இருந்தது. முன்னால் அவளுடைய பெயர், ஊழியர் எண், பிறகு இப்படி: 'என் விசாரணை முறையை வீட்டில் சொன்னது என் தவறு. திங்களன்று இருவரை, அவர்களிடம் இருப்பது விலைக்கு விற்ற டிக்கெட் என்று தெரிந்தே அனுப்பினேன். என் தம்பியைக் காப்பாற்றவே அப்படிச் செய்தேன்.' மூன்று வரியையும் அவன் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"உன்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்களே, அக்கா."

"எடுத்தா எடுக்கட்டும்."

"இருபத்தேழு வருஷம்..."

"எனக்கும் எண்ணத் தெரியும். நோட்டை எடு."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே போட்டோ காப்பி மெஷின் யாருடைய காகிதங்களையோ துப்பிக்கொண்டிருந்தது. சின்னவன் மேஜை டிராயரைத் திறந்து நீல அட்டை போட்ட ஒரு நோட்டை வெளியே எடுத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர், போகும் ஊர், தேதி, போன் நம்பர். காரணம்கூட எழுதி வைத்திருந்தான். பேச்சுக் கொடுத்து வாங்கியதாக இருக்கும். இன்டர்வியூ. மகள் பிரசவம். விசா நேர்காணல். அண்ணன் பையனைப் பார்க்க. அவள் வாசிக்க வாசிக்க அவன் தலை குனிந்துகொண்டே போனது.

வெள்ளிக்கிழமை காலை முதல் விமானத்தில் போக வேண்டியவர் ஒரு தையல்காரர். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. அவள் தன் போனை எடுத்து நம்பரை அழுத்தப் போனாள்.

"வேணாம்" என்றான் சின்னவன். "உன்னை யாருன்னு அவருக்குத் தெரியாது. என்கிட்டதான் வாங்கினார்."

தன் போனில் அவனே அழைத்தான். மணி நாலு முறை அடித்தது. அந்தப் பக்கம் ஒரு கனத்த குரல் உற்சாகமாக, "தம்பி, சொல்லுங்க, பெட்டியெல்லாம் கட்டியாச்சு" என்றது.

சின்னவன் "அண்ணே, ஒரு சின்ன பிரச்சினை. ஏர்லைன்ஸ்ல என்னமோ சிஸ்டம்..." என்று ஆரம்பித்தான். அந்த வாய் எத்தனையோ பேரைச் சமாளித்த வாய். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லண்ணே. சிஸ்டம் எல்லாம் ஒண்ணும் இல்ல. விக்கக் கூடாத டிக்கெட்டை உங்களுக்கு வித்துட்டேன். அது நாளன்னைக்கு மத்தியானம் ரத்தாகிடும். வெள்ளிக்கிழமை நீங்க ஏர்போர்ட்டுக்கு வந்து ஏமாந்து நிக்கக் கூடாது. இன்னைக்கு ராத்திரி ரயில்ல உங்களுக்கு இடம் பார்த்து நானே எடுத்துக் குடுக்கறேன். உங்க காசு முழுசும் திருப்பித் தரேன்."

அந்தப் பக்கம் வசவு ஆரம்பித்தது. எதிர் நாற்காலியில் இருந்தவளுக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சின்னவனுடைய காது சிவந்தது. போனை மட்டும் அவன் காதிலிருந்து எடுக்கவில்லை.

"திட்டுங்கண்ணே" என்றான். "முடியற வரைக்கும் திட்டுங்க. நான் வைக்க மாட்டேன்."